உடம்புக்குக் கேட்காத ஹார்மோன்

இரண்டு வயசுப் பெண் குழந்தை. தொடை இடுக்கில் சின்னதாக ஒரு வீக்கம். அழும்போது பெரிதாகிறது, தூங்கும்போது உள்ளே போய்விடுகிறது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு ஹெர்னியா, குடலிறக்கம், சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீர்கள் என்கிறார். ஆபரேஷன் மேசையில் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது குடல் இல்லை, விந்தகம். ஆண் குழந்தைக்கு விதைப்பைக்குள் இருக்க வேண்டிய அதே உறுப்பு. வெளியே பார்த்தால் எந்தச் சந்தேகமும் வராத பெண் குழந்தை அது. குடலிறக்கத்தோடு வருகிற பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு இப்படி இருக்கலாம் என்பது குழந்தைகள் அறுவை மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

சில குழந்தைகளுக்கு அந்த வீக்கமே வராது. அப்படியானால் 15, 16 வயசு வரை யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மார்பு வளர்ந்திருக்கும், வகுப்பில் கொஞ்சம் உயரமான பெண்ணாக இருப்பாள், முகத்தில் ஒரு பரு இருக்காது. ஆனால் வயசுக்கு வந்திருக்க மாட்டாள். நம் ஊரில் இது ஒரு பெண்ணோடும் அவள் அம்மாவோடும் நின்றுவிடுகிற விஷயமா என்ன? எப்போ மஞ்சள் நீராட்டு, எப்போ தாய்மாமன் சீர் என்று பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். கருஞ்சீரகம், எள்ளுருண்டை, கஷாயம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, மாதவிலக்கு வரவைக்கும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஸ்கேன் எடுக்கிறார்கள். கருப்பை இல்லை. அப்புறம் ரத்தத்தில் குரோமோசோம் டெஸ்ட். ரிப்போர்ட்டில் 46, எக்ஸ்ஒய் என்று வருகிறது, அதாவது மொத்தம் 46 குரோமோசோம், அதில் ஒரு எக்ஸ், ஒரு ஒய்.

இதன் பெயர் முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை, ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஏ.ஐ.எஸ் என்பார்கள். ஆண்ட்ரோஜன் என்பது டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களுக்குப் பொதுப்பெயர். எக்ஸ்ஒய் குரோமோசோமோடு பிறக்கிறவர்களில் சுமார் 20,000 முதல் 64,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரிதுதான், ஆனாலும் தமிழ்நாடு அளவு மக்கள்தொகைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் குறைந்தது சில நூறு பேராவது வரும்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண். அது பொய் இல்லை, ரொம்பவே சுருக்கிச் சொன்ன உண்மை. நடுவில் பல படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒன்று மாறிப்போக இடமிருக்கிறது.

ஆறு வாரக் கருவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எல்லாக் கருவும் ஒரே மாதிரி. விந்தகமாகவோ சினைப்பையாகவோ எதுவாகவும் ஆகக்கூடிய ஒரு ஜோடி உறுப்பு இருக்கும். அதோடு இரண்டு ஜோடிக் குழாய்கள். ஒரு ஜோடி வளர்ந்தால் கருப்பையும் கருக்குழாயும் ஆகும், இன்னொரு ஜோடி வளர்ந்தால் விந்து போகும் பாதை ஆகும். ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்று ஒரு மரபணு இருக்கிறது, 1990ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அது வேலையைத் தொடங்கினால் அந்தப் பொது உறுப்பு விந்தகமாகிறது. ஒய் குரோமோசோமுக்கு இந்த விஷயத்தில் இருக்கிற பெரிய வேலை ஏறக்குறைய அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் விந்தகம் சுரக்கிற ஹார்மோன்கள் பார்த்துக்கொள்கின்றன.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரான்ஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்ற விஞ்ஞானி, தாய் முயலின் வயிற்றுக்குள் இருக்கும்போதே முயல் கருவின் விந்தகத்தை எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்து, கருவை வளரவிட்டார். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத கருவில் செய்த ஆபரேஷன் அது. குட்டிகளின் குரோமோசோம் எதுவாக இருந்தாலும் எல்லாம் பெண் உருவத்தில் வளர்ந்திருந்தன. சரி, விந்தகத்துக்குப் பதிலாக டெஸ்டோஸ்டிரோனை மட்டும் வைத்துப் பார்ப்போம் என்று ஒரு சின்னப் படிகமாக வைத்தார். ஆண் குழாய்கள் வளர்ந்தன, ஆனால் கருப்பையாகப் போகிற குழாய்கள் மறையவில்லை. அப்படியென்றால் விந்தகம் இன்னொரு பொருளையும் சுரக்க வேண்டும், கருப்பையைக் கலைப்பது அந்தப் பொருள்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். அது சரி என்று பின்னால் நிரூபணமானது.

இந்த இரண்டு ஹார்மோன்களையும் மனசில் வைத்துக்கொண்டு அந்த 16 வயசுப் பெண்ணிடம் திரும்பி வாருங்கள். அவள் கருவாக இருந்தபோது எஸ்ஆர்ஒய் ஒழுங்காக வேலை செய்தது, விந்தகம் உருவானது, அது இரண்டு ஹார்மோன்களையும் சுரந்தது. கருப்பையைக் கலைக்கிற ஹார்மோன் தன் வேலையைச் செய்தது, அதனால் கருப்பை இல்லை. டெஸ்டோஸ்டிரோனும் ரத்தத்தில் தாராளமாக ஓடியது, ஆனால் அவள் உடம்புக்கு அது கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? டெஸ்டோஸ்டிரோன் ஒரு செல்லுக்குள் நுழைந்தால் அங்கே அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் காத்திருக்க வேண்டும். ஆண்ட்ரோஜன் ஏற்பி என்று அதற்குப் பெயர். ஹார்மோனைப் பிடித்ததும் அந்த ஏற்பி செல்லின் உட்கருவுக்குப் போய், எந்த மரபணு விழிக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று மாற்றிவைக்கும். இந்த ஏற்பியைச் செய்வதற்கான மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். சுமார் 920 அமினோ அமிலங்கள் கோத்த நீளமான புரதம் அது. அதில் ஒரே ஒரு மணி மாறிப்போனாலே சில சமயம் மொத்தமும் பயனற்றுப் போய்விடும். இதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்ட விதமான மாற்றங்களைப் பல குடும்பங்களில் கண்டுபிடித்திருக்கிறார்கள். எக்ஸ்ஒய் உடம்பில் எக்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, அதில் இது கெட்டால் மாற்றுக்கு இன்னொன்று கிடையாது.

ஹார்மோன் கேட்காத உடம்பு, ஜோஸ்டின் முயல்குட்டிகள் போல, வெளியே பெண் உருவத்தில் வளர்கிறது. பருவ வயசில் விந்தகம் இன்னும் நிறைய டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது, அதில் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிக்கொள்கிறது. இது எல்லார் உடம்பிலும் நடப்பதுதான், பெண்களின் ஈஸ்ட்ரோஜனே டெஸ்டோஸ்டிரோன் மாதிரியான மூலப்பொருளிலிருந்து செய்யப்படுவதுதான். ஆகவே மார்பு வளர்கிறது, இடுப்பு அகல்கிறது, மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. அக்குளிலும் அடிவயிற்றிலும் முடி முளைப்பதற்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆண்ட்ரோஜன் வேண்டும், அதனால் இவளுக்கு அங்கே முடி குறைவு அல்லது இல்லை. பரு வருவதற்கும் அதே ஹார்மோன்தான் காரணம், அதனால் பரு இல்லை. எல்லாப் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோன் உண்டு, அது கொஞ்சம் வேலையும் செய்கிறது. இவள் உடம்பில் அந்தக் கொஞ்சம்கூட வேலை செய்வதில்லை. எக்ஸ்ஒய் என்று ரிப்போர்ட்டில் வந்த இந்தப் பெண்ணின் தோல், மற்ற எந்தப் பெண்ணின் தோலையும்விட டெஸ்டோஸ்டிரோனின் தடம் படாத தோல்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மிடம் இது அடிக்கடி குழம்புகிறது. திருநங்கை, திருநம்பி என்பது வேறு, இது வேறு. இடைப்பாலினம், ஊடுபால் என்ற சொற்களுக்குக் கீழே வருகிற பல நிலைகளில் இது ஒன்று. முழுமையான ஏ.ஐ.எஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் பெண்ணாக வளர்ந்து பெண்ணாகவே தங்களை உணர்கிறார்கள். ரிப்போர்ட் வந்த அன்றைக்கு அவர்களுக்குள் எதுவும் மாறிவிடுவதில்லை, சுற்றியிருப்பவர்கள் பார்க்கிற பார்வைதான் மாறுகிறது. பகுதியளவு ஏ.ஐ.எஸ் என்றும் ஒன்று உண்டு. அதில் ஏற்பி கொஞ்சம் வேலை செய்யும், எவ்வளவு செய்கிறது என்பதைப் பொறுத்துப் பிறப்புறுப்பின் அமைப்பு குழந்தைக்குக் குழந்தை வித்தியாசப்படும், அவர்களில் ஆணாக வளர்கிறவர்களும் உண்டு. அது தனியாகவே எழுத வேண்டிய விஷயம்.

குரோமோசோம் ரிப்போர்ட்டை வைத்து மட்டும் ஒருவரை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு மரியா ஹொசே மார்த்தினெஸ் பட்டீன்யோவின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை, முழுமையான ஏ.ஐ.எஸ் உள்ளவர். அந்தக் காலத்தில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுத்த செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இரண்டு எக்ஸ் உள்ள செல்லில் உட்கருவின் ஓரமாகக் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். புள்ளி இருந்தால் பெண் என்று சான்றிதழ். 1983ல் ஹெல்சிங்கியில் அவர் அந்தச் சான்றிதழை வாங்கிவிட்டார். 1985ல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும்போது அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். திரும்ப டெஸ்ட் எடுத்தார்கள், இந்தத் தடவை புள்ளி இல்லை. காலில் காயம் என்று பாசாங்கு செய்து உட்காரச் சொன்னார்கள். அவரும் காலில் கட்டுப்போட்டுக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் ஒரு கடிதம் வந்தது: 46, எக்ஸ்ஒய்.

1986 ஜனவரியில் தேசியப் போட்டி. மறுபடியும் காயம் என்று சொல்லி ஒதுங்கிவிடு, இல்லையென்றால் விஷயம் வெளியே வரும் என்றார்கள். அவர் ஓடினார், 60 மீட்டர் தடை ஓட்டத்தில் ஜெயித்தார், செய்தி பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை நின்றது, விளையாட்டு விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள், பதிவேட்டில் இருந்த நேரங்களை அழித்தார்கள், கல்யாணம் பேசியிருந்தவர் போய்விட்டார். இத்தனையும் எதற்காக? டெஸ்டோஸ்டிரோனால் கிடைக்கிற பலம் எதையும் எடுத்துக்கொள்ளவே முடியாத ஒரு உடம்புக்காக. ஆல்பர்ட் டி லா ஷப்பேல் என்ற ஃபின்லாந்து மரபியல் அறிஞர் அவருக்காக வாதாடினார், 1988ல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் ஒரு ஓட்டக்காரருக்குப் பொன்னான மூன்று வருஷம் போய்விட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸுக்கான தகுதி நேரத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் தவறவிட்டார். பின்னாளில் பேராசிரியரானார், 2005ல் லான்செட் மருத்துவ இதழில் நடந்ததையெல்லாம் தன் பெயரிலேயே எழுதினார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு ஒய் தடயம் வந்தது. அதில் ஏழு பேருக்கு ஏதோ ஒரு வகை ஏ.ஐ.எஸ். எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள். 1999ல் ஒலிம்பிக் குழு அந்த மொத்தச் சோதனையையே நிறுத்தியது. இப்போது உலக தடகள அமைப்பு 2025 செப்டம்பரிலிருந்து எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனையைக் கொண்டுவந்திருக்கிறது, முழுமையான ஏ.ஐ.எஸ் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. விலக்கு இருக்கிறதே என்று விட்டுவிடலாமா? அந்த விலக்கைப் பெற ஒரு பெண் எத்தனை பேர் முன்னால் தன் உடம்பை விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆறுதலாக இல்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் ஞாபகம் வந்திருக்கும். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டவர். அவர் உடம்பில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் அனுமதி இல்லாமல் அதை ஊரே பேசியதுதான் அவருக்கு நடந்த முதல் அநியாயம்.

விளையாட்டு மைதானத்தில் விஷயத்தை வெளியே போட்டு உடைத்தார்கள். மருத்துவமனைகளில் நடந்தது நேர் எதிர். 1953ல் ஜான் மோரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படிப்பட்ட 82 பேரின் விவரத்தைத் தொகுத்து எழுதினார். அதற்குப் பிறகு ரொம்ப காலத்துக்கு, இந்தப் பெண்களிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்பதே மருத்துவர்களின் வழக்கம். உன் சினைப்பை சரியாக வளரவில்லை, விட்டால் கேன்சர் வரும், எடுத்துவிட்டோம் என்பார்கள். மகளிடம் சொல்லாதீர்கள் என்று அம்மா அப்பாவிடமும் சத்தியம் வாங்காத குறைதான். 1990களின் நடுவில்கூட, உண்மையை மறைப்பதே நோயாளிக்கு நல்லது என்று வாதிட்ட ஒரு கட்டுரைக்கு கனடாவில் மருத்துவ நெறிக் கட்டுரைப் போட்டியில் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் முட்டாள்களா? மருத்துவப் புத்தகத்தைப் புரட்டி, தன் தழும்பையும் தான் சாப்பிடுகிற மாத்திரையையும் சேர்த்துப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். நோயைப் பற்றிய துக்கத்தைவிட, எல்லாரும் சேர்ந்து மறைத்துவிட்டார்களே என்ற துக்கம்தான் பெரிது என்று அவர்களில் பலர் சொன்னார்கள். பிரிட்டனில் 1988ல் ஒரு தாய் தொடங்கிய ஆதரவுக் குழு வழியாகத்தான் இவர்கள் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தன்னைப் போல் இன்னொருத்தி இருக்கிறாள் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. 2005ல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள் முழுத் தகவலையும் வயசுக்கு ஏற்றபடி சொல்ல வேண்டும், மனநல ஆதரவும் சேர்த்தே தர வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். எழுதிவைத்ததெல்லாம் எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

அந்தக் கேன்சர் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் தங்கிய விந்தகத்தில் கட்டி வர வாய்ப்பு உண்டுதான். ஆனால் முழுமையான ஏ.ஐ.எஸ்ஸில் பருவ வயசுக்கு முன்னால் அது மிகவும் குறைவு, பெரியவர்களான பிறகுதான் கூடுகிறது. முன்பெல்லாம் குழந்தையிலேயே எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் பருவ வளர்ச்சி தானாக நடக்காது, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துத்தான் வரவைக்க வேண்டும். அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு அந்த மாத்திரையை விடவும் கூடாது, விட்டால் எலும்பு தேயும். இப்போது பெரும்பாலான நிபுணர்கள் பருவம் முடியட்டும், அந்தப் பெண்ணுக்கே முடிவெடுக்கிற வயசு வரட்டும், அதுவரை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருப்போம் என்கிறார்கள். யோனி நீளம் குறைவாக இருந்தால் அதற்கும் ஆபரேஷன் முதல் வழி இல்லை. அவளுக்கு வேண்டும் என்று தோன்றுகிறபோது, விரிப்பான்களை வைத்துச் சில மாதங்களில் சரிசெய்ய முடியும். ஒரு கல்யாணம் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். குழந்தை சுமக்க முடியாது, அது உண்மை, அதை மாப்பிள்ளை வீட்டில் மறைத்தால் அடி வாங்கப்போவது அந்தப் பெண்தான்.

ஆபரேஷனுக்கு அவசரப்படக் கூடாது என்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது, நம்மில் நிறையப் பேருக்கு இது தெரியாது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு சொன்னார். வழக்கு, தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவுசெய்ய மறுத்தது பற்றியது. அதே தீர்ப்பில், இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பை மாற்றுகிற அறுவை சிகிச்சைகளைத் தடைசெய்து ஆணை போடும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் அரசாணை வந்தது, உயிருக்கு ஆபத்தான சூழ்நிலைக்கு மட்டும் விலக்கு. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு. ஆணை இருக்கிறது என்பது பிரசவ வார்டில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற ஒரு அப்பாவுக்குத் தெரிந்தால்தான் அதனால் பயன்.

வெளிநாட்டில் இப்போது பலருக்கு இது பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அம்மாவின் ரத்தத்தில் எடுக்கிற டெஸ்ட் எக்ஸ்ஒய் என்கிறது, ஸ்கேனில் பார்த்தால் பெண் குழந்தை. நம் நாட்டில் கருவின் பாலினத்தைச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. அதனால் இங்கே இது தெரியவருவது இன்னமும் அந்த ஹெர்னியாவிலோ, வராத மாதவிலக்கிலோதான். இல்லையென்றால் குடும்பத்தில் இன்னொருவருக்கு ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வழியை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இது அம்மா வழியில் வருகிறது. அம்மாவுக்கு இரண்டு எக்ஸ், ஒன்று கெட்டிருந்தாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும், அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அவருக்குப் பிறக்கிற எக்ஸ்ஒய் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இது வரலாம், எக்ஸ்எக்ஸ் மகள்களில் பாதிப் பேர் அம்மாவைப் போலவே சுமக்கலாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்கு மட்டும் அம்மாவிடம் இல்லாமல் புதிதாகவே வந்திருக்கும். அதனால் மரபியல் மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வம்ச வரைபடம் போடத் தொடங்குவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். உங்கள் அம்மா வழியில் பிள்ளை இல்லாத பெரியம்மா, சித்தி யாராவது உண்டா, அவர்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்ததா என்று கேட்பார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அப்புறம், ஒரு சின்னம்மா இருந்தாங்க, உயரமா, ரொம்ப அழகா இருப்பாங்க, வயசுக்கு வரலைன்னு கல்யாணமே பண்ணிவைக்கல, கடைசி வரைக்கும் தாத்தா வீட்டிலேயே இருந்து எங்களையெல்லாம் வளர்த்தாங்க என்பார். மருத்துவர் தாளில் இன்னொரு வட்டம் போட்டு, அதற்குக் கீழே சின்னதாக 46, எக்ஸ்ஒய் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைப்பார்.